தையலைத் திருப்பிப் பார்ப்போம்



புதிய சட்டை ஒன்று கைக்குக் கிடைத்தால், தையற்கலை பயிலும் பெண்மணி முதலில் யாது செய்வாள்? அதன் உட்புறத்தைத் திருப்பிப் பார்ப்பாள். மடிப்பு எங்கே, ஓரத் தையல் எத்தகையது, துணி எவ்வளவு விடப்பட்டுள்ளது என்று நோக்குவாள். அந்த ஒரு பார்வையிலேயே பாதிக் கல்வி முடிந்துவிடும். இணையப் பக்கங்களுக்கும் அவ்வாறே ஓர் உட்புறம் உண்டு. அதனைத் திருப்பிப் பார்க்கும் வழியையே இவ்வாரம் கூற விழைகின்றேன்.

சென்ற மாதம் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், உறவினர் இல்லத்தில் ஒரு மாலைப்பொழுதைக் கழித்தேன். அவ்வீட்டுப் பெண் பதுளையில் உயர்தர வகுப்பிற் பயில்பவள். ஆயுளெல்லாம் கொழுந்து பறித்து ஓய்ந்த அவளுடைய அம்மாயி, மடிக்கணினியின் முன் அமர்ந்து, தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் பற்றிய செய்தியை வாசிக்க முயன்றுகொண்டிருந்தார். அத்தளத்தின் எழுத்துக்கள் பொடிப்பொடியாக இருந்தன. வரிகளோ ஒன்றையொன்று நெருக்கின. மேல்வரியிலுள்ள 'கு', 'து' ஆகியவற்றின் கீழ்ச்சுழிகள், அடுத்த வரியிலுள்ள 'கி', 'தீ' ஆகியவற்றின் மேல்வளைவுகளோடு முட்டிக்கொண்டன.

"எனக்குக் கண் போய்விட்டது, பிள்ளை" என்று கூறி, மூதாட்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"கண்ணிற் குறையில்லை, அம்மாயி. வரிக்கு வரி விட்ட இடந்தான் போதவில்லை" என்றாள் பேத்தி.

பக்கம் முழுவதையும் பெரிதாக்கிப் பார்ப்பது எளிது. ஆனால் எழுத்தோடு நெருக்கமும் சேர்ந்தன்றோ வளரும்! ஆதலின் அவள், செய்தியின் மீது சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, தோன்றிய பட்டியலில் 'இன்ஸ்பெக்ட்' என்பதைத் தெரிந்தெடுத்தாள். பெரும்பாலான உலாவிகளில் 'எஃப் 12' விசையை அழுத்தினாலும் இவ்வறை திறக்கும். அதன் ஒரு பகுதியில் பக்கத்தின் கட்டமைப்பைக் கூறும் எச்டிஎம்எல் வரிகள் இருந்தன. மறு பகுதியில் நிறம், அளவு, இடைவெளி ஆகியவற்றை வகுக்கும் சிஎஸ்எஸ் என்னும் பாணித்தாள் இருந்தது. 'லைன்-ஹைட்' என்ற இடத்தில் 1.2 என்றிருந்ததை 1.8 ஆக்கினாள், 'ஃபான்ட்-சைஸ்' என்ற இடத்தில் 14 பிக்சலை 20 ஆக்கினாள். விதி ஒன்றேயாயினும், பத்திகள் அனைத்தும் அக்கணமே விலகி நின்றன.

"ஐயோ, பிறர் பொருளைப் பழுதாக்கிவிட்டாயோ?" என்று பதறினார் அம்மாயி.

"தொடாதே" என்ற சொல்லைக் கேட்டே வாழ்ந்தவர் வேறெவ்வாறு கேட்பார்? பேத்தி பக்கத்தைப் புதுப்பித்தாள். யாவும் பழைய நிலைக்குத் திரும்பின. மாறியது நம் கணினிக்கு வந்த பிரதியேயன்றி மூலமன்று. ஆதலின் கற்பவர் அஞ்சாமல் மாற்றிப் பார்க்கலாம். இதைவிடச் செலவற்ற பயிற்சிக்கூடம் வேறு உண்டோ? மீண்டும் அளவை மாற்றித் தந்ததும், மூதாட்டி செய்தியை இறுதிவரை உரக்க வாசித்தார். வீடே கேட்டுக்கொண்டிருந்தது.

இது வாசகர் செய்யும் அத்துமீறல் அன்று. 1994-ஆம் ஆண்டு ஹோக்கன் வியூம் லீ என்னும் நார்வே நாட்டவர் சிஎஸ்எஸ் முறையை முன்மொழிந்தபோதே, தோற்றத்தில் ஆக்கியோன் விருப்பமும் வாசகர் விருப்பமும் இணைய வேண்டும் என்றே கருதினார். 2006-இல் ஜோ ஹியூவிட் உருவாக்கிய 'ஃபயர்பக்' இத்தகைய ஆய்வறையைப் பலரும் அறியச் செய்தது. இன்று கணினிக்குரிய முக்கிய உலாவிகள் அனைத்திலும் அது உடன்பிறந்தே வருகின்றது.

மாற்றம் நிலைத்திருக்க வேண்டுமா? 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் கணக்குப் பதிவு செய்தவர், தமக்கென ஒரு பாணித்தாளை எழுதிச் சேமிக்கலாம். அதன்பின் 'பதுளை' என்ற கட்டுரையும் ஏனைய கட்டுரைகளும் அவர் கண்ணுக்கு இசைந்தவாறே தோன்றும். பிற தளங்களுக்கு 'ஸ்டைலஸ்' போன்ற உலாவி நீட்சிகள் உதவும்.

இரண்டு எச்சரிக்கைகள் கூறி முடிப்பேன். இவ்வறையிலுள்ள 'கன்சோல்' பகுதியில், அந்நியர் அனுப்பிய எதனையும் ஒட்டாதீர்கள். உங்கள் கணக்கையே அது களவாடக்கூடும். மற்றொன்று: அளவை மாற்றுவது போலவே சொல்லையும் எண்ணையும் திரையில் எவரும் மாற்றிப் படம் பிடிக்கலாம். ஆகவே பணம் அனுப்பியதாகவோ, பரீட்சையிற் சித்தியடைந்ததாகவோ காட்டும் படத்தை மட்டும் கண்டு நம்பிவிடாதீர்கள். மூலத் தளத்தில் நீங்களே சரிபாருங்கள்.

இன்று மாலை பிள்ளைகள் கணினியைத் திறக்கும்போது அருகில் அமருங்கள். ஒரு பக்கத்தின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் கண் மங்கிய முதியோர் இருப்பின், முதல் மாற்றம் அவர்களுக்காகவே ஆகட்டும்.