சுமப்பதும் இறக்கி வைப்பதும்

பயபக்தியும் கீழ்ப்படிதலும் இறைவழிபாட்டின் இரு கண்கள் எனச் சான்றோர் கூறுவர். இரண்டையும் ஒருசேரச் சொல்லிப் பழகிவிட்டமையால் அவற்றிடையே உள்ள வேறுபாட்டை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பக்தியில் எதைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதை நாமே முடிவு செய்கின்றோம். கீழ்ப்படிதலில் அம்முடிவு நம் கையில் இல்லை. பக்தி பெருகிய நம் நாட்டில் கீழ்ப்படிதல் அருகிக் காணப்படுவதற்கு இதுவே காரணம் என்பது நம் கருத்து.

இதனை எண்ணிப் பார்ப்பதற்குப் பழனியினும் பொருத்தமான இடம் வேறில்லை. காவடி வழிபாட்டுக்கு மூலமாகச் சொல்லப்படும் இடும்பன் வரலாறு அம்மலைக்கே உரியது. அகத்தியர் ஆணையிட்டார், சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளையும் காவடியாகக் கட்டித் தோளில் சுமந்து இடும்பன் பொதிகை நோக்கிப் புறப்பட்டான். திருவாவினன்குடிக்கு அருகில் சற்றே இளைப்பாற இறக்கி வைத்தவனால் ஒரு குன்றை மீண்டும் தூக்க இயலவில்லை. அதன்மேல் நின்ற சிறுவன், “இம்மலை எனது” என்றான். இடும்பன் சினந்து போரிட்டு வீழ்ந்தான்; பின்னர் உயிர்பெற்று, அச்சிறுவனாகிய முருகனுக்கே வாயிற்காவலன் ஆனான்.

இக்கதையைச் சொல்வோர் பலரும் இடும்பனின் தோள்வலிமையையே வியப்பர். நம் உள்ளத்தைத் தொடுவது வேறொன்று. மலையைத் தூக்கு என்றபோது அவன் தயங்கவில்லை. மலையை விட்டுவிடு என்றபோதுதான் அவனால் இயலவில்லை. குருவின் ஆணைக்காகச் சுமந்த சுமை, வழிநடையிலேயே அவனுடைய உடைமையாகிவிட்டது. ஆணையிட்டவர்க்கும் மேலான உரிமையாளன் குழந்தை வடிவில் வந்து கேட்டபோது அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. (கனி கிட்டாத சினத்தில் பெற்றோரைப் பிரிந்து வந்த பிள்ளை நின்ற மலையும் இதுவே என்பதை எண்ணும்போது, நம் முன்னோரின் கதையறிவை வியவாதிருக்க முடியவில்லை.)

தைப்பூசத்தின்போது பழனிச் சாலைகளில் இடும்பனின் வழித்தோன்றல்களைக் காணலாம். செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடிகள் வருகின்றன. கொங்கு நாட்டிலிருந்தும் மதுரைப் பக்கமிருந்தும் மக்கள் வெறுங்காலுடன் பல நாள் நடந்து வருகின்றனர். விரதம் காக்கின்றனர், தரையில் உறங்குகின்றனர். இந்த உழைப்பின் முன் நாம் தலை வணங்குகின்றோம். ஆயினும் அவர்கள் கடந்து சென்ற சாலையோரத்தில் நெகிழிக் குவளைகளும் பைகளும் சிதறிக் கிடக்கின்றன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிக்குத் தமிழக அரசு 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடை விதித்துள்ளது. மலைக்கோயிலுக்குள் கைப்பேசி கொண்டு செல்வதற்கு 2023 அக்டோபர் முதல் தடை உள்ளது. கால் வெடிக்க நடப்பவருக்குக் குவளையைத் தொட்டியில் இடுவது பெரிய செயலா? பெரிய செயலன்று, அதனாலேயே அது கைகூடுவதில்லை. நாமே விரும்பி ஏற்ற பெருஞ்சுமை இனிக்கிறது. பிறர் விதித்த சிறுகட்டளை கசக்கிறது.

ஹஜ் கடமையிலும் இந்நுட்பம் உண்டு. இஹ்ராம் உடுத்தவர் வேட்டையாடலாகாது, நறுமணம் பூசலாகாது, எவரோடும் சச்சரவு செய்யலாகாது. கடல் கடந்து சென்றவருக்கும் கடினமாவது, நெரிசலில் இடித்தவரிடம் சொல்லாடாதிருக்கும் அந்தக் கடைசிக் கட்டளைதான்.

பழனிக்குத் தெற்கே மலையேறினால் கோடைக்கானல். 1936ஆம் ஆண்டில் எழுந்த குறிஞ்சியாண்டவர் கோயிலிலிருந்து, வானம் தெளிந்த நாளில் பழனி தெரியும். அதே மலையில் செண்பகனூரில் இயேசு சபையினரின் திருஇருதயக் கல்லூரி 1895 முதல் உள்ளது. அச்சபைத் துறவியர் ஏற்கும் மூன்று வாக்குறுதிகளுள் கீழ்ப்படிதல் ஒன்று. பல்லாண்டு உழைத்து வளர்த்த பணியையும் தலைவர் சொன்னால் விட்டுவிட்டு அடுத்த ஊருக்குச் செல்ல வேண்டும். சபையை நிறுவிய இஞ்ஞாசியார் 1553இல் போர்த்துகல் நாட்டுத் துறவியர்க்கு இக்கீழ்ப்படிதலைப் பற்றியே நீண்ட மடல் ஒன்று எழுதினார். இடும்பன் தவறிய இடத்தில் அவர்தம் பயிற்சி தொடங்குகிறது எனலாம்.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். கீழ்ப்படிக எனச் சொல்லிச் சொல்லியே எளியோரை அடக்கி வைத்தனர் அல்லரோ? உண்மை. 1939 சூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களுடன் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் நுழைந்தபோது, எதிர்த்தவர்கள் ஆகமத்துக்குக் கீழ்ப்படிவதாகவே கூறினர். அவர்கள் காத்தது தம் பழக்கத்தை என்பது நம் துணிபு. கோயிலை நெடுநாள் தோளில் சுமந்தவர்கள் அதனைத் தமதென்று எண்ணிவிட்டனர். “எனது” என்று இறைவன் சொன்னபோது, அதுவும் எளியோர் வடிவில் வந்து சொன்னபோது, போருக்கு எழுந்தனர். இறைவனுக்குக் கீழ்ப்படிபவன் அவன் பெயரால் பேசும் எல்லார்க்கும் கீழ்ப்படிய வேண்டுவதில்லை. அவன் சொல்லையும் அவர்தம் சொல்லையும் பிரித்தறிவதும் வழிபாட்டின் பகுதியே.

இடும்பனை வணங்கிய பின்னரே முருகனை வணங்க வேண்டும் என்பது பழனி மரபு. படிவழியின் இடையில் அவனுக்குச் சந்நிதி உண்டு. 1966இல் இழுவை ரயிலும் 2004இல் கம்பிவட ஊர்தியும் வந்தன. முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் அவை பேருதவி, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவற்றில் ஏறிச் சில நிமிடங்களில் உச்சியை அடையும் உடல்வலிமை மிக்க இளைஞர் பலர், வழியில் ஒருவன் காவல் நிற்கிறான் என்பதையே அறியாமல் திரும்புகின்றனர்.