காருக்கு ஒரு நீதி, வேனுக்கு ஒரு நீதியா?

பட்டம் பெற்று வேலையில் அமர்ந்த சில ஆண்டுகளிலேயே நம்மில் பலருக்குக் கார் ஆசை வந்துவிடுகிறது. ஆசையில் தவறில்லை, விலைதான் மலைக்க வைக்கிறது. 1990இல் அறிமுகமான வாகன உரிமைச் சான்றிதழ், காரின் மதிப்பையொட்டிய கூடுதல் பதிவுக் கட்டணம், தீர்வை, பொருள் சேவை வரி, சாலை வரி, 1998இல் வந்த மின்னியல் சாலைக் கட்டணம் எனப் பட்டியல் நீள்கிறது. பத்தாண்டுகளே செல்லுபடியாகும் அந்தச் சான்றிதழின் விலை, சிறிய கார்களுக்கே 2023இல் 100,000 வெள்ளியைத் தாண்டியது.

இத்தனையும் கட்டியவர், "வேலைக்காகத்தானே ஓட்டுகிறேன், வருமான வரிக் கணக்கில் இதைச் செலவாகக் கழிக்கக்கூடாதா?" என்று கேட்பது இயல்பே. கூடாது என்கிறது உள்நாட்டு வருவாய் ஆணையம். தனியார் காரைத் தொழிலுக்கே பயன்படுத்தினாலும் சாலை வரி, பெட்ரோல், பழுதுபார்ப்பு எதையும் கழிக்க முடியாது. 1998 ஏப்ரல் 1 முதல் நிறுவனத்தின் பெயரில் பதிவான கார்களுக்கும் இதே விதிதான். ஆனால் தொழிலுக்கு ஓடும் வேனுக்கும் லாரிக்கும் ஆகும் செலவைக் கழிக்கலாம். டாக்சி, தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்களும் 2019 வரி மதிப்பீட்டு ஆண்டு முதல், மொத்த வருமானத்தில் 60 விழுக்காட்டைச் செலவாகக் காட்டலாம்.

சிராங்கூன் சாலையில் வேனில் அரிசி மூட்டை இறக்கும் கடைக்காரருக்குக் கழிவு உண்டு. மிருதங்கத்தைக் காரில் வைத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று கற்பிக்கும் ஆசிரியருக்கு இல்லை. இது அநீதி அல்லவா?

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். எனினும் இந்த விதி நிலைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

முதலாவதாக, இந்தக் கட்டணங்களின் முக்கிய நோக்கம் சிறிய தீவில் கார்களின் எண்ணிக்கையையும் நெரிசலையும் கட்டுப்படுத்துவது. ஒரு கையால் வாங்கி மறு கையால் திருப்பிக் கொடுத்தால் அந்த நோக்கம் என்னாவது?

இரண்டாவதாக, வாடிக்கையாளரைப் பார்க்கத் தேக்காவுக்குச் சென்றவர், திரும்பும் வழியில் முஸ்தபாவில் வீட்டுக்குச் சாமான் வாங்கினால் அந்தப் பயணம் தொழிலா, சொந்த வேலையா? இந்தியாவிலும் அமெரிக்காவிலும் சுயதொழில் செய்பவர் தொழிலுக்குப் பயன்பட்ட பங்கைக் கழிக்க முடியும். அதற்குக் கணக்கும் சான்றும் வைத்திருக்க வேண்டும். உண்மையாக எழுதுபவரைவிட சாமர்த்தியமாக எழுதுபவரே அதில் பயனடைவார்.

மூன்றாவது காரணமே முக்கியமானது. 10,000 வெள்ளியைக் கழிக்க அனுமதித்தால், உச்சவரம்பான 24 விழுக்காடு வரி கட்டுபவருக்கு 2,400 வெள்ளி மிச்சம். வரிக்குரிய வருமானம் 20,000 வெள்ளிக்குள் இருப்பவருக்கு ஒரு காசும் மிஞ்சாது. பேருந்திலும் பெருவிரைவு ரயிலிலும் வேலைக்குச் செல்லும் ஊழியர் தம் கட்டணத்தைக் கழிக்க முடியாதபோது, கார் வைத்திருப்பவருக்கு மட்டும் ஏன் சலுகை?

காரின்றி இயங்கவே முடியாதவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. சக்கர நாற்காலியில் இருக்கும் பெற்றோரை வாரந்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவரை எண்ணிப் பாருங்கள். அவருக்கு உதவி தேவை. அது நேரடி உதவித்தொகையாக வரட்டும். வருமானம் உயர உயரப் பெரிதாகும் வரிக் கழிவாக வேண்டாம்.

முதன்முறையாக வருமான வரிப் படிவம் நிரப்பப் போகும் இளையர்களே, காருக்குச் சலுகை கேட்பதில் நம் குரலை வீணாக்க வேண்டாம். இரவு வேலை முடித்து வருபவருக்கும் பேருந்து கிடைக்க வேண்டும் என்று கேட்போம். அந்தப் பேருந்தில் மிருதங்க ஆசிரியருக்கும் இடமிருக்கும்.