நுங்குக்குப் பேரம் பேசாதீங்க

சித்திரை வெயிலுக்குப் பயந்து சனி, ஞாயிறுல ஏசி மால் தேடிப் போற நகரத்து நண்பர்களே, ஒரு தடவை பனங்காட்டுப் பக்கம் வந்து பாருங்க. சீவின காயில பெரும்பாலும் மூணு கண் இருக்கும். கட்டை விரலை விட்டு நோண்டி உறிஞ்சினா சட்டையெல்லாம் நனையும். தின்னு முடிச்ச ரெண்டு காயைக் குச்சியில கோத்தா பிள்ளைகளுக்கு நுங்கு வண்டி. அப்புறம் வேப்பமர நிழல்ல ஒரு கயித்துக் கட்டில் போதும்.

ஆனா இந்த சுகம் தானா நிலைக்காது. பனை காய்க்கவே பத்து வருசத்துக்கு மேல ஆகும். அதுலயும் பெண் பனைதான் நுங்கு தரும். ஏற ஆள் இல்லைன்னா, வருமானம் இல்லாத மரம்னு வெட்டி செங்கல் சூளைக்கு அனுப்பிடறாங்க. அதனால நுங்கு விக்கிறவர்கிட்ட பேரம் பேசாதீங்க. அவருக்குக் கட்டுப்படியானாத்தான் ஏறுவார். அவர் ஏறினாத்தான் மரம் நிக்கும். மாநில மரம்ங்கிற பட்டம் மட்டும் பனையைக் காப்பாத்தாது.