யார் வீட்டைப் பேணுகிறோம்?

கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்ட மலைகளில் லூல்கந்துர என்றொரு தோட்டம் உண்டு. இலங்கையில் தேயிலை வணிகப் பயிராக வேரூன்றியது அங்கேதான். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் 19 ஏக்கரில் அதனைப் பயிரிட்டார். அவர் வாழ்ந்த மரக்குடிலில் இன்று எஞ்சி நிற்பது புகைபோக்கியும் சில அடையாளங்களுமே. அவர் அமர்ந்து மலைகளை நோக்கினார் என்று சொல்லப்படும் கல்லிருக்கையையும் உல்லாசப் பயணிகளுக்குக் காட்டுகின்றனர். அவர் கையாண்ட பொருள்களிற் சிலவற்றை ஹந்தானைத் தேயிலை நூதனசாலையிற் காணலாம்.

இவற்றைப் பேணக் கூடாதென்று வாதாட நாம் வரவில்லை. பழம்பொருளை அழிப்பவன் வரலாற்றின் சாட்சியை அழிக்கிறான். எமது வழக்கு வேறு. அந்தப் புகைபோக்கியின் அடியில் நின்று 'முன்னோடியின் இல்லம் இது' என்று சொல்லும்போது, முன்னோடி என்ற சொல்லை ஒருமையில் வழங்கும் உரிமையை எமக்கு யார் தந்தது?

டெயிலரின் குடும்ப வரலாறு எமக்குத் தெரியும். 1835இற் பிறந்தார், 1852இல் இலங்கைக்கு வந்தார், ஊருக்கு எழுதிய கடிதங்கள் ஸ்கொத்லாந்தின் தேசிய நூலகத்திற் பத்திரமாக உள்ளன, 1892இல் இறந்தார், கண்டி மஹய்யாவ மயானத்தில் அவரது கல்லறை உண்டு. லூல்கந்துரவிலிருந்து கண்டிவரை அவர் உடலைச் சுமந்தவர்கள் 24 பேர் என்றும், பன்னிருவர் பன்னிருவராக மாறி மாறிச் சுமந்தனர் என்றும், கங்காணிமாரும் தொழிலாளரும் 'சாமித்துரை' என்று அரற்றியபடி பின்னே நடந்தனர் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். அவ்வுடலின் பாரம் எத்தனை இறாத்தல் என்பதுகூடப் பதிவாகியிருக்கிறது. சுமந்த 24 பேரின் பெயர்களைத் தேடிப் பாருங்கள்!

அவ்வில்லத்தின் கதையிலேயே இன்னொன்றும் உண்டு. தேயிலைத் தொழிற்சாலை தோன்றுமுன் டெயிலரின் பங்களாவே தொழிற்சாலையாயிருந்தது. அதன் விறாந்தையில் மேசைகளைப் போட்டு, மணிக்கட்டு முதல் முழங்கைவரை கையால் அழுத்திக் கொழுந்தை உருட்டினார்கள். களிமண் அடுப்புகளிற் கரிநெருப்பு மூட்டி அதனைக் காய்ச்சினார்கள். உருட்டியவை எவருடைய கைகள்? 1873இல் இலண்டனுக்குச் சென்ற 23 இறாத்தல் தேயிலை பற்றிய செய்தி எல்லா நூல்களிலும் உண்டு. அக்கைகளுக்குரியவர்களின் பெயர் ஒரு நூலிலும் இல்லை. ஆகவே அந்த இல்லம் ஒருவர் வாழ்ந்த இடம் மட்டுமன்று. பலர் உழைத்த களமும் அதுவே. இல்லத்தைப் பேணுவோர் அதன் செம்பாதியைத்தான் பேணுகின்றனர்.

'டெயிலர் நல்லவர், எளிமையானவர், தொழிலாளரோடு தொழிலாளியாய் நின்றவர்' என்று எம்மை மறுப்பவர்கள் கூறுவர். கூறட்டும். அவர் நல்லவரா என்பது இங்கே வினாவன்று. அவரும் தோட்டத்துக்கு உடைமையாளரல்லர். சம்பளம் பெற்ற ஊழியர்தாம். நாற்பது ஆண்டுகள் உழைத்த அவரையும் இறுதியிற் கம்பனி வெளியேறச் சொன்னது. வெளியேறுமுன்பே அவர் இறந்துபோனார். வேலை போனால் வீடும் போகும் என்னும் தோட்டத்துச் சட்டம் பங்களாவையும் தொட்டது என்பதற்கு இது சான்று. ஆயினும் பங்களாவை அது தொட்டது எப்போதாவதுதான். லயன் காம்பிராவை அது நாள்தோறும் தொட்டது.

அம்மலைகள் ஆளற்றுக் கிடந்தனவா? 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத காட்டையும் தரிசையும் அரசுக்குரியவை என்று கொள்ள வழி செய்தது. கண்டியக் குடியானவர் தலைமுறை தலைமுறையாகச் சேனைப்பயிர் செய்த நிலங்களும் ஏக்கர் ஐந்து சிலிங்குக்குக் கைமாறின. கோப்பி வந்தது. 1869இல் இலைநோய் கண்டது. கோப்பி அழிந்த இடத்திலே தேயிலை வந்தது. காட்டை வெட்டியவர்கள் தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து வந்த ஏழைகள். தலைமன்னாரிலும் அதன் அயலிலும் கரையிறங்கி, மாத்தளைவரை காட்டுவழியே நடந்தனர். அவ்வழியில் மாண்டவர்களின் தொகை குறித்து வரலாற்றாசிரியர் இன்றும் வாதிடுகின்றனர். 2023இல், இருநூறாண்டு நிறைவையொட்டி, அவர்களின் வழித்தோன்றல்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே பாதையில் நடந்து சென்றார்கள். கல்லறை இல்லாதவர்களுக்கு அவ்வாறுதானே நினைவுகூர முடியும்?

இனிக் குடும்ப வரலாற்றுக்கு வருவோம். இம்மக்களிடம் குடும்ப வரலாற்றை ஒருவரும் கேட்டதில்லை என்று எண்ண வேண்டாம். சுதந்திர இலங்கை அதைக் கேட்டது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டப்படி, இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாவதற்குத் தம் தந்தை இங்கே பிறந்தவர் என்றாவது, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றாவது காட்ட வேண்டும். எந்தப் பூட்டனின் பெயரைத் துரை எழுதவில்லையோ, கங்காணியின் கடன்கணக்கில் மட்டும் எவன் ஓர் எண்ணாக இருந்தானோ, அவனது பிறப்புக்குப் பத்திரம் கொண்டுவா என்றது அரசு! 1949இன் சட்டம் தொடர்ந்து வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. 1964இன் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அதன் பின் எத்தனை புகையிரதங்களில் எத்தனை குடும்பங்கள் இரண்டாகப் பிளந்து ஏறின! பிரசாவுரிமைப் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. பழைய வீட்டின் பெருமைக்காக வம்சாவளி எழுதுபவர்கள் உண்டு. இம்மக்களுக்கோ, வம்சாவளி இல்லாமையே நாடற்றவராக்கும் குற்றமாயிற்று.

இன்று பழைய துரைமாரின் பங்களாக்கள் புதுப்பொலிவு பெறுகின்றன. காசில்ரீ நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த பங்களாக்கள் விலையுயர்ந்த விடுதிகளாகிவிட்டன. தேக்குத் தளவாடமும் கணப்பும் வெள்ளுடை தரித்த பரிசாரகரும் அப்படியே மீட்கப்பட்டுள்ளனர். பரிசாரகரும் பழம்பொருளாகப் பேணப்படுவது எமக்கு வியப்பளிக்கவில்லை.

லயன்களும் பேணப்படுகின்றன, ஆனால் உள்ளே மனிதரை வைத்தே பேணப்படுகின்றன. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா, முன்னே ஓர் இஸ்தோப்பு, முதுகோடு முதுகு ஒட்டிய அடுத்த குடும்பம். நூறாண்டு கடந்த கூரையின் கீழ் இன்றும் பெருந்தொகையானோர் காணியுறுதியின்றி வாழ்கின்றனர். 2014 ஒக்டோபர் 29இல், கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென்று ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தனர். எச்சரிக்கையைக் கேட்டுக் குடியெழும்ப அம்மக்களுக்கு வேறு காணி எங்கே இருந்தது?

லயனையும் நினைவுச்சின்னமாக்குவோம் என்று எம் நண்பர் சிலர் உணர்ச்சிவசப்படுகின்றனர். ஒரு லயனைப் பேணுங்கள். கம்பளைப் பக்கத்துப் பழைய பீக்கொக் தோட்டத்தில் தொழிலாளர் நூதனசாலை அமைத்தவர்கள் செய்ததும் அதுவே, நற்பணியே. ஏனையவற்றிலிருந்து மக்களை வெளியேற்றி, அவர்கள் பெயரில் உறுதி எழுதிய காணியிற் குடியமர்த்திய பின்னர் லயன்களை இடித்தாலும் எமக்கு வருத்தமில்லை. உறுதியில்லாத வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் படம் பிடிப்பதை மட்டும் நாம் ஒப்பமாட்டோம்.

மற்றது, ஏடுகள். தோட்டக் காரியாலயங்களின் அலமாரிகளிற் பழைய செக்றோல் புத்தகங்கள் செல்லரித்துக் கிடக்கின்றன. யார் எப்போது பேர் பதிந்தார், எந்த லயனில் இருந்தார், எத்தனை நாள் வேலை செய்தார் என்ற செய்திகள் அவற்றில் உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை மலையகத்தின் பாடல்களைத் திரட்டாதிருந்தால் அவையும் போயிருக்கும். தேசிய சுவடிகள் கூடம் இவ்வேடுகளைப் பொறுப்பேற்க வேண்டும் என்று ஆசிரியர் சங்கங்கள் தீர்மானம் நிறைவேற்றட்டும். அதுவரை காத்திராமல், மலையகத்து மாணவர் ஒவ்வொருவரும் அடுத்த விடுமுறையிற் கொப்பி ஒன்றுடன் தம் லயனின் மூத்த பாட்டியிடம் செல்லட்டும். அவளது தாயின் பெயர் என்ன, தகப்பன் எந்த ஊரிலிருந்து எந்தக் கங்காணியோடு வந்தான், எந்த மலையை வெட்டினான் என்று கேட்டு எழுதட்டும். லூல்கந்துரவிலும் அப்படி ஒரு பாட்டி இருப்பாள்.