தகரக் காரும் தரம் ஐந்தும்

கண்டியை அடுத்த தோட்டப் பாடசாலை ஒன்றில், இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவனிடமிருந்து ஒரு கார் பறிமுதல் செய்யப்பட்டது. டின் மீன் தகரத்தில் உடல்; தேய்ந்த செருப்பில் வெட்டிய நான்கு சக்கரங்கள்; குடைக்கம்பியில் அச்சு. பாட நேரத்தில் விளையாடினான் என்பது குற்றச்சாட்டு. விளையாடினான்தான்; மறுக்கவில்லை. ஆனால் என்ன விளையாட்டு? பலகையின் ஒரு முனையை ஒரு புத்தகத்தின்மேல் வைத்துக் காரை உருட்டினான், பிறகு இரண்டு புத்தகம், பிறகு மூன்று. ஒவ்வொரு முறையும் கார் தரையில் ஓடி நின்ற தூரத்தைச் சாணால் அளந்தான்.

சாய்ந்த மரப்பலகையில் பள்ளம் வெட்டி, வெண்கலக் குண்டை உருட்டி, மெல்லிய தாரையாக வடிந்த நீரை நிறுத்துக் காலத்தைக் கணித்த கலிலியோ, அதை 1638இல் நூலாக்கினார். உலகம் அதனை விஞ்ஞானம் என்று வணங்குகிறது. நமது சிறுவன் செய்தால் அது ஒழுங்கீனம்!

மேல்வகுப்பில் பாடஞ் சொல்லும் நாம் இதன் அறுவடையை நாள்தோறும் காண்கிறோம். ‘கதி என்பது தூரத்தை நேரத்தால் வகுத்தால் வருவது’ என்று மாணவர் பிழையின்றி ஒப்புவிக்கின்றனர். கணக்கையும் போட்டுவிடுகின்றனர். ஆனால் இரண்டு வாகனங்களில் எது விரைவானது என்று கேட்டால், முன்னால் நிற்பதைக் காட்டுவோர் பத்தாம் வகுப்பிலும் உளர். சூத்திரம் இருக்கிறது, அதற்கடியில் அனுபவம் இல்லை.

குழந்தைக்கு முதலில் தோன்றுவது காலமா, வேகமா என்று 1928இல் டாவோஸ் நகரில் ஐன்ஸ்டைன் எழுப்பிய வினாவே பியாஜேயை ஆராயத் தூண்டிற்று. 1946இல் அவர் எழுதிய நூலில் ஒரு சோதனை உண்டு. நீண்டதும் குறுகியதுமாக இரண்டு சுரங்கங்கள். இரண்டு பொம்மைகள் ஒரே கணத்தில் நுழைந்து, ஒரே கணத்தில் வெளிவருகின்றன. சுரங்கங்களின் நீளம் கண்ணெதிரே இருந்தும், ஐந்தாறு வயதுப் பிள்ளை ‘இரண்டும் ஒரே வேகம்’ என்கிறது. சுரங்கங்களை அகற்றி, ஒன்று மற்றதை எட்டிப்பிடிப்பதைக் காணச் செய்தால்தான் தன் கூற்றை மாற்றுகிறது. முந்துவதையும் பிந்துவதையும் கையாலும் கண்ணாலும் பன்முறை அறிந்த பின்னரே தூரமும் நேரமும் மனத்தில் இணைகின்றன. விளையாடாத பிள்ளைக்கு அந்த வாய்ப்பு எங்கே?

‘ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்குகிறதே, பெற்றோர் கேட்க மாட்டார்களா?’ என்பர் நண்பர். கேட்பார்கள். லயத்திலிருந்து வெளியேற அவர்களுக்குத் தெரிந்த வாசல் அது ஒன்றே; அவர்களை நாம் குறைகூறோம். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையின் கையிலிருந்ததைப் பறித்து மாதிரி வினாத்தாளைத் திணிப்பது, அந்த வாசலையும் அடைப்பதன்றி வேறென்ன?

இதில் வர்க்கமும் பேசுகிறது. நகரத்து முன்பள்ளியில் வண்ணத் தண்டவாளமும் காரும் ‘கற்றல் உபகரணம்’; அதற்குக் கட்டணமும் உண்டு. தோட்டத்துத் தகரக் கார் குப்பை. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டன. அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது எழுபதுகளில். இன்றும் இலவசக் கல்வி முதலாம் தரத்திலேயே ஆரம்பமாகிறது. ‘பிள்ளைக் காம்பரா’ சிறுவர் அபிவிருத்தி நிலையமெனப் பெயர் மாறியிருக்கிறது. அபிவிருத்திக்கு வேண்டிய பொருள்கள் எல்லா இடத்திற்கும் போய்ச் சேர்ந்தனவா?

விலையுயர்ந்த பொம்மைகளை நாம் கேட்கவில்லை. விசையை அழுத்தினால் தானே ஓடும் பற்றரிக் காரைப் பிள்ளை வேடிக்கைதான் பார்க்கிறது. மலைநாட்டுப் பிள்ளைக்குச் சரிவு புதிதன்று. கொழுந்து லொறி ஏற்றத்தில் முனகுவதையும், இறக்கத்தில் சாரதி அதை அடக்கி இறக்குவதையும் பேசத் தொடங்குமுன்பே கேட்டு வளர்ந்தது. கடுகண்ணாவையில் 45 அடிக்கு ஓரடி உயரும் பாதையில் 1867இல் ரயில் கண்டிக்கு வந்தது. அதற்கு முன் மன்னாரிலிருந்து காடு கடந்து நடந்தே வந்தவர்களின் சந்ததி இது. வேகம் என்பது என்னவென்று இந்தப் பிள்ளைக்கா தெரியாது?

ஒரு பலகை, சில புத்தகங்கள், தரையில் சுண்ணக்கட்டிக் கோடு, நேரத்தை எண்ண வகுப்பே சேர்ந்து தட்டும் கைத்தாளம்: இவ்வளவுதான் வேண்டும். சொரசொரப்பான சாக்கை விரித்தால் கார் ஏன் விரைவில் நிற்கிறது என்று பிள்ளைகளே கேட்பர். விடை சொல்ல ஆசிரியர் அவசரப்படலாகாது. இதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.

அந்தச் சிறுவன் இப்போது மூன்றாம் வகுப்பில் இருக்கிறான். கார் இன்னும் அதிபரின் அலுமாரியில்தான் இருக்கிறது.