கட்ட வேண்டியதும் கட்டக் கூடாததும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் வீட்டுக் குழந்தைகள் என்னென்னவோ கற்றுக்கொள்ளக் கிளம்பிவிடுகிறார்கள். வீணை, ஹிந்தி, சித்திரம் என்பதெல்லாம் பழைய கதை. "அம்மா, நான் பாய்ப் படகு ஓட்டக் கற்றுக்கொள்ளட்டுமா?" என்று பத்து வயதுப் பெண் வந்து நிற்கிறாள். "கடலாவது, படகாவது! பேசாமல் வீட்டில் இருடி!" என்று உள்ளேயிருந்து பாட்டி குரல் கொடுக்கிறாள். நடுவில் அகப்பட்டுக்கொண்டு விழிப்பவள் தாயார்.

பாட்டியின் பயத்தில் நியாயம் உண்டு. பெண்ணின் ஆசையிலும் உண்டு. சென்னைத் துறைமுகத்தில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் ஏற்பட்டது 1911-ல். நம் ஊருக்குப் பாய்ப் படகு விளையாட்டு ஒன்றும் புதிதல்ல. சென்னைப் பெண் நேத்ரா குமணன் ஒரு கோடை முகாமில்தான் முதல் முதலாகப் படகில் ஏறினார். பாய்ப் படகுப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. 2021-ல் டோக்கியோவில் நடந்த பந்தயத்தில் கலந்துகொண்டு, 2024-ல் பாரிஸுக்கும் போய் வந்தார். ஆகவே, "கூடாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாமல், "எப்படி?" என்று தெரிந்துகொள்வது நல்லது.

குழந்தைகள் முதலில் ஏறுவது பெரும்பாலும் 'ஆப்டிமிஸ்ட்' என்ற சின்னப் படகில். 1947-ல் அமெரிக்காவில், ஃபுளோரிடாவைச் சேர்ந்த கிளார்க் மில்ஸ் என்பவர் குழந்தைகளுக்கென்றே அமைத்தது. நீளம் 8 அடிக்கும் குறைவு. எடை சுமார் 35 கிலோ. மூக்கு மழுங்கிய தொட்டி மாதிரி இருக்கும். ஒரே பாய், ஒரு சுக்கான், படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க நடுவில் தண்ணீருக்குள் செருகும் ஒரு பலகை, ஓட்டுவதற்கு ஒரு குழந்தை. அவ்வளவுதான்.

இந்தப் படகுக்கு ஒரு சூத்திரம் சொல்கிறேன். எல்லாவற்றையும் கட்டு, ஒன்றை மட்டும் கட்டாதே!

முதலில் கட்ட வேண்டியது குழந்தையின் மேல் மிதவைச் சட்டையை. பள்ளிக்கூடச் சட்டையை "வளர்கிற பிள்ளை" என்று ஒரு சுற்றுப் பெரிதாகத் தைப்போமே, அந்தச் சிக்கனம் இங்கே உதவாது. சட்டையில் போட்டிருக்கும் எடைக் கணக்கு குழந்தையின் எடைக்குச் சரியாக இருக்க வேண்டும். மாட்டி, வார்களையெல்லாம் இறுக்கியபின், தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை மோவாய்க்கு மேலே ஏறி வந்தால் அது உதவாது. ஒரு விசிலையும் அதிலேயே கட்டிவிடுங்கள். சட்டை இருக்கிறதே என்று நீச்சலை ஒத்திப்போட வேண்டாம். முதலில் நீச்சல், பிறகுதான் படகு.

அடுத்தது தலைமயிர். இறுகப் பின்னி, மடித்துக் கட்டிவிடுங்கள். தொங்கும் பின்னல் கயிறு ஓடும் கப்பியில் சிக்கினால் மிகவும் அவஸ்தை. வளையல், சங்கிலி, ஜிமிக்கி எல்லாம் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும். துப்பட்டா வேண்டவே வேண்டாம். பருத்தித் துணி நனைந்தால் கனக்கும், உடம்பை உராயும். சீக்கிரம் உலரும் முழுக்கைச் சட்டை சிலாக்கியம். மூடிய காலணி அவசியம். துறைமுகத்துச் சரிவிலும் கல்லிலும் ஒட்டியிருக்கும் சிப்பி, கத்தி மாதிரி காலைக் கிழித்துவிடும். தொப்பிக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் நாடா தேவை.

படகில் புகும் தண்ணீரை இறைக்க விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். 5 லிட்டர் எண்ணெய் வரும் பிளாஸ்டிக் கேன் ஒன்றைக் கழுவி, மூடியைத் திருகி வைத்து, அடிப்பாகத்தைச் சாய்வாக வெட்டிவிடுங்கள். கைப்பிடியோடு அருமையான அகப்பை தயார். அதையும், குடிதண்ணீர்ப் புட்டியையும், நடுப்பலகையையும் கயிற்றால் படகோடு கட்டி வைக்க வேண்டும். படகு கவிழ்ந்தால், கட்டாத பொருள் போனது போனதுதான். கட்டுவது நமக்குக் கைவந்த கலை அல்லவா? மரங்களைச் சேர்த்துக் கட்டியதால் நாம் 'கட்டுமரம்' என்றோம்; அந்தச் சொல்லையே ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு 'கேட்டமரான்' என்றார்கள்.

இனி, கட்டக் கூடாத அந்த ஒன்று: பாயை அடக்கும் கயிறு. அது எப்போதும் கையில் இருக்க வேண்டும். காற்று திடீரென்று வலுத்தால் படகு ஒரு பக்கம் சாயும். அப்போது கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும்; பாயிலிருந்து காற்று வழிந்துவிடும், படகு நிமிர்ந்துகொள்ளும். கை வலிக்கிறதென்று எங்காவது முடிச்சுப் போட்டு வைத்தாலோ, அடுத்த காற்றில் படகு கவிழும். கையில் சுற்றிக்கொள்வதும் தப்பு. கப்பியை விட்டுக் கயிறு உருவிப் போகாமலிருக்க, அதன் நுனியில் 8 வடிவத்தில் ஒரு முடிச்சு இருந்தால் போதும்.

சுக்கான் பிடியைப் பாய் இருக்கும் பக்கம் தள்ளினால் படகு காற்றுக்கு எதிரே முகம் திருப்பி வேகம் குறையும். பயம் வரும்போது குழந்தை செய்ய வேண்டியவை இந்த இரண்டுதான்: கயிற்றைத் தளர்த்து, பிடியைப் பாய்ப்பக்கம் தள்ளு. பாயின் அடியில் இருக்கும் கட்டை பக்கம் மாறும்போது தலையைக் குனிந்துகொள்ளவும் மறக்கக் கூடாது.

அப்படியும் படகு கவிழத்தான் செய்யும். பயிற்சியில் வேண்டுமென்றே கவிழ்த்துப் பழக்குவார்கள். படகுக்குள் இருக்கும் மூன்று காற்றுப் பைகள் அதை மூழ்க விடுவதில்லை. முதல் நாள் இரவே அவற்றை ஊதி வைத்து, காலையில் அமுக்கிப் பாருங்கள். தளர்ந்திருந்தால் எங்கோ ஓட்டை. கவிழ்ந்த படகின் நடுப்பலகைமேல் ஏறி நின்று, விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் படகு நிமிர்ந்துவிடும். முடியாவிட்டால் படகைப் பிடித்துக்கொண்டு விசில் ஊத வேண்டும். கரை கிட்டத்தில் தெரிந்தாலும் படகை விட்டு நீந்தக் கூடாது. அலைகளின் நடுவே சிறு தலை கண்ணுக்குப் படாது, படகு படும்.

காற்றின் திசையையும் கவனியுங்கள். சென்னையில் கோடைக் காலையில் கரைக்காற்று படகைக் கடலுக்குள் தள்ளும். நடுப்பகலை ஒட்டி எழும் கடற்காற்று கரைக்குக் கொண்டு வரும். முன்னதில்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும். இடிமேகம் தெரிந்தால் உடனே கரைக்குத் திரும்ப வேண்டும்.

வீடு திரும்பியதும் சட்டை, கயிறு எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி, மிதவைச் சட்டையை நிழலில் உலர்த்துங்கள். வெயில் அதன் துணியை இற்றுப்போகச் செய்யும். இந்த வேலையைக் குழந்தையே செய்யட்டும்; நீங்கள் மேற்பார்வை பார்த்தால் போதும்.

ஒரு வார்த்தை தாய்மார்களுக்கு. கரையில் நின்று "ஜாக்கிரதை, ஜாக்கிரதை" என்று கூவுவதால் பிரயோஜனமில்லை. காற்றில் அது அவள் காதில் விழாது. ஏறுவதற்கு முன்னால் வார்களை ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். பிறகு சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுங்கள். குழந்தைகளை வளர்ப்பதும் அந்தப் பாய்க்கயிறு மாதிரிதானே? பிடி கையில் இருக்கட்டும். முடிச்சு மட்டும் வேண்டாம்.