ராபினிடம் கேட்டதை மூளையிடமும் கேட்க வேண்டும்

வலசைப் பருவத்தில் ஐரோப்பிய ராபின் பறவையைப் புனல் வடிவக் கூண்டில் விட்டால், போக வேண்டிய திசைப் பக்கமாகவே தாவித் தாவி, உள்ளே ஒட்டிய தாளில் நகக்கீறல்களைப் பதிக்கும். பூமியின் காந்தப்புலம் அதற்கு வழிகாட்டி. ஆனால் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக வளாகத்து மரக்குடில்களில் கீறல்கள் நாலாபுறமும் சிதறிக் கிடந்தன. குடிலை அலுமினியத் தகடுகளால் மூடி எர்த் கொடுத்ததும் பறவைகளுக்குத் திசை பிடிபட்டது. எர்த்தைத் துண்டித்ததும் மறுபடி குழம்பின. மின்சாதனங்களிலிருந்து கசியும் மெல்லிய ரேடியோ இரைச்சலே காரணம் என்று ஹென்ரிக் மௌரிட்சன் குழு 2014இல் அறிவித்தது.

உடற்சூட்டின் ஆற்றலோடு ஒப்பிட்டால் அந்த இரைச்சல் ஒன்றுமே இல்லை. அப்படியும் பறவை தடுமாறுகிறது என்றால், வழக்கமான வேதியியல் போதாது; குவாண்டம் விளைவு ஒன்றைத் தேட வேண்டும். இயற்பியலாளர் கிளாஸ் ஷுல்டன் 1978இலேயே ஒரு வழி சொல்லியிருந்தார்: வேதிவினையில் பிறக்கும் எலக்ட்ரான் ஜோடியின் தற்சுழற்சி, காந்தப்புலத்துக்கேற்ப அந்த வினையின் போக்கையே மாற்றும். ராபினின் விழித்திரையில் உள்ள கிரிப்டோகுரோம்-4 புரதத்தைத் தனியே தயாரித்துச் சோதித்தபோது, காந்தப்புலத்தால் அது பாதிக்கப்படுவது 2021இல் தெரிந்தது. உயிருள்ள கண்ணுக்குள்ளும் அதுவே நடக்கிறதா என்பதுதான் பாக்கி.

குவாண்டம் விளைவைத் தேடிய இன்னோர் இடமான ஒளிச்சேர்க்கையின் கதை வேறு. 2007இல் பாக்டீரியாவில் கண்டு கொண்டாடிய நீடித்த குவாண்டம் அலைவுகள், பெரும்பாலும் மூலக்கூறு அதிர்வுகளே என்று பிறகு தெளிந்தது. அதை ஒப்புக்கொண்டதுதான் குவாண்டம் உயிரியல் என்னும் இந்தத் துறைக்குக் கௌரவம்.

இனி மூளை. நரம்பணுக்களின் நுண்குழல்களில் நிலவும் குவாண்டம் நிலை சரிவதே பிரக்ஞையின் கணம் என்று இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸும், மயக்க மருந்து நிபுணர் ஸ்டூவர்ட் ஹாமரோஃபும் 1990களில் முன்வைத்தார்கள். சூடும் ஈரமுமான மூளையில் அந்த நிலை ஒரு வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குகூடத் தாங்காது என்று 2000இல் இயற்பியலாளர் மாக்ஸ் டெக்மார்க் கணக்கிட்டார். ஹாமரோஃப் தரப்பு மறுகணக்குப் போட்டது. கணக்குக்குக் கணக்கு என்று எத்தனை காலம் போவது? இதற்கிடையே ‘குவாண்டம் சிகிச்சை’ என்று சொல்லி நோயாளிகளிடம் காசு பிடுங்கும் கூட்டம் பெருகிவிட்டது. பென்ரோஸை நான் அவர்களோடு சேர்க்க மாட்டேன். அவர் சொல்வது தவறென்று காட்ட வழி உண்டு.

அந்த வழி மயக்க மருந்தில் இருக்கிறது. செனான் வாயு உணர்வை அணைக்கும். அதன் ஐசோடோப்புகள் வேதியியலில் ஏறக்குறைய ஒன்றே. நிறையிலும், சிலவற்றில் அணுக்கருவின் தற்சுழற்சியிலும்தான் வேறுபடுகின்றன. தற்சுழற்சி என்னும் அந்தக் குவாண்டம் பண்பு உள்ளவை எலிகளைக் குறைவாகவே மயக்கின என்று 2018இல் ஓர் ஆய்வு சொன்னது. மேடைப் பேச்சுகளுக்கும் நூல்களுக்கும் செலவாகும் உழைப்பில் ஒரு பகுதி இங்கே வரட்டும்: வெவ்வேறு நாட்டு ஆய்வுக்கூடங்கள், எந்தக் கூண்டுக்கு எந்த வாயு என்பதே தெரியாத ஆய்வாளர்களைக் கொண்டு, இதைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும்.